வீட்டுக்குள் அகப்படாத இணையம்

கென்யாவில் 2019 ஆகஸ்ட் மாதம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. மொத்தம் 4 கோடியே 76 லட்சம் பேர். மூன்று வயது நிரம்பியவர்களில் இணையம் பயன்படுத்துவோர் 22.6 சதவீதம், இணைய வசதி உள்ள குடும்பங்கள் 17.9 சதவீதம் என்று முடிவு வந்தது. அதே ஆண்டில் அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் காலாண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளிலோ இணையச் சந்தாக்கள் ஏறத்தாழ 5 கோடி. முதல் கணக்கைப் பார்த்தால் ஐந்து வீடுகளில் நான்கில் இணையம் இல்லை. இரண்டாவதைப் பார்த்தால் தொட்டில் குழந்தை உட்பட ஆளுக்கொரு இணைப்புக் கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கிறது.

இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படியில்லை. ஆணையம் எண்ணியது சிம் கார்டுகளை. கடந்த மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது டேட்டா ஓடிய சிம் எல்லாம் ஒரு சந்தா. ஒரு நிறுவனத்தில் அழைப்பு மலிவு, இன்னொன்றில் டேட்டா மலிவு என்பதால் ஒரே ஆள் இரண்டு சிம் வைத்திருப்பது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சர்வசாதாரணம். அலுவலகங்களின் மோடங்களும் கடைகளின் கட்டணக் கருவிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். கணக்கெடுப்பாளர் எண்ணியதோ மனிதர்களை. அதிலும் மூன்று வயதுப் பிள்ளையையும் மொத்தத்தில் சேர்த்தால் சதவீதம் தானாகவே இறங்கும். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வுகள் அதே நாட்டில் சற்று உயர்ந்த எண்ணைத் தருகின்றன. இதில் சூது எதுவும் இல்லை. ஆனால் எந்த எண் அமைச்சரின் உரையில் இடம்பெறும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

கென்யா 2015 முதல் உலக வங்கியின் பட்டியலில் கீழ்நடுத்தர வருமான நாடு. அதற்கும் கீழே இருக்கும் ருவாண்டா, உகாண்டா, மாலி, மலாவி, மொசாம்பிக் போன்ற நாடுகளில் இந்த இடைவெளி இன்னும் சிக்கலானது. அங்கே எண்ணும் ஆட்களும் குறைவு, எண்ணுவதற்கான பணமும் குறைவு. என்னுடைய கேள்வி ஒன்றுதான்: 'வீட்டில் இணையம் இருக்கிறதா' என்று கேட்டு வாங்கும் விடை அந்த நாடுகளில் எதை அளக்கிறது?

அந்தக் கேள்வி பிறந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தகவல் சமுதாயத்துக்கான உலக உச்சி மாநாடு 2003இல் ஜெனீவாவிலும் 2005இல் துனிஸிலும் நடந்தது. ஒப்பிடத்தக்க புள்ளிவிவரம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கே வலுப்பெற்றது. பல ஐ.நா. அமைப்புகள் சேர்ந்த கூட்டாண்மை ஒன்று 2004இல் உருவாயிற்று. குடும்பங்களிடம் எதை எப்படிக் கேட்பது என்பதற்கான கையேட்டைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2009இல் வெளியிட்டது. இணையம் என்றால் தொலைபேசிக் கம்பியோடு வீட்டுக்குள் வருவது, மேசையில் கணினி இருப்பது என்ற படம்தான் அப்போது எல்லோர் மனத்திலும் இருந்தது. பின்னர் வந்த 2014, 2020 பதிப்புகள் கைபேசியையும் முழுமையாக உள்ளே எடுத்துக்கொண்டன. ஆனாலும் வரையறையின் எலும்பு மாறவில்லை. வீட்டில் உள்ள அனைவருக்கும் எந்த நேரமும் கிடைக்கும்படி இணையம் இருந்தால்தான் அது இணையம் உள்ள வீடு. யாரும் அதைப் பயன்படுத்துகிறார்களா என்பது பொருட்டில்லை.

கம்பிவழி வரும் இணையம் வீட்டுக் குழாய் மாதிரி. யார் திறந்தாலும் வரும். ஏழை நாடுகளில் இருப்பது ஒருவர் இடுப்பில் ஏறிப் போய்வரும் குடம். அப்பாவின் ஸ்மார்ட்போன் காலையில் அவரோடு சந்தைக்குப் போய்விடுகிறது. இரவு திரும்பும்போது சார்ஜ் இருக்கலாம், டேட்டா இருக்காது. இந்த வீட்டில் 'அனைவருக்கும் எந்த நேரமும்' இணையம் உண்டா? கையேட்டின் எழுத்துப்படி இல்லை. கணக்கெடுப்பாளரின் படிவத்திலோ பெரும்பாலும் 'ஆம்' என்றே விழும். வாசலில் நின்று வரையறையின் பின்பாதியை விளக்கிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. அன்றைக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி.

'வீடு' என்ற அலகே எளிதானதல்ல. மாதிரி ஆய்வுகளில் ஒரு குடும்பம் என்பது ஒன்றாக வாழ்ந்து ஒரே உலையில் பொங்கித் தின்பவர்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஒரே சுற்றுச்சுவருக்குள் அண்ணன் தம்பிகள், அவர்களுடைய மனைவியர், மணமான மகன்கள் என்று பல குடித்தனங்கள் இருக்கும். வயல் பொது, களஞ்சியம் பொது, அடுப்பு சில நாள் பொது, சில நாள் தனி. சாரா ரேண்டல், எர்னஸ்டினா கோஸ்ட், டிசியானா லியோன் ஆகிய மூவர் 2011இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, புள்ளிவிவரத் துறையின் குடும்பமும் மக்கள் வாழும் குடும்பமும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பதை விரிவாகக் காட்டியது. லோரி பீமனும் ஆண்ட்ரூ டில்லனும் ஒருபடி மேலே போனார்கள். மாலியில் நான்கு விதமான குடும்ப வரையறைகளை எடுத்துக்கொண்டு, எந்த வீட்டில் எந்த வரையறையைச் சொல்லிக் கேட்பது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவுசெய்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2012இல் வெளியாயிற்று. வரையறையில் நிபந்தனைகளைக் கூட்டினால் குடும்பம் சுருங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அங்கே அது பெருத்தது. ஒன்றாக உண்பவர்கள், ஒன்றாக உழைப்பவர்கள் என்று வரையறையை அழுத்திச் சொன்னபோது குடும்பத்தின் சொத்துக் கணக்கும் ஏறியது.

அவர்கள் இணையத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் பாடம் நேராக நமக்குப் பொருந்துகிறது. மூன்று அடுப்பு எரியும் ஒரு வளாகத்தில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளாகத்தை ஒரே குடும்பமாக எழுதினால் இணையமுள்ள குடும்பம் நூறு சதவீதம். மூன்றாக எழுதினால் முப்பத்து மூன்று. போன் அதே போன், ஆட்கள் அதே ஆட்கள். இரு நாடுகளின் வீட்டு இணைய விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தரவரிசை போடும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு இந்த வளாகம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அடுத்தது, யார் பதில் சொல்கிறார் என்பது. குடும்பக் கேள்வித்தாளுக்கு வழக்கமாக ஒருவரே விடை தருவார். பெரும்பாலும் குடும்பத் தலைவர் அல்லது அவருடைய துணை. கூரை ஓடா தகரமா, மாடு எத்தனை என்று கேட்டால் ஒருவர் சொன்னால் போதும். பதினேழு வயது மகள் தோழியின் போனில் வாட்ஸ்அப் பார்க்கிறாளா என்பதை அப்பா சொல்ல முடியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார். சில வீடுகளில் அது தெரியக்கூடாது என்பதற்காகவே தோழியின் போன். வீட்டில் போன் இருக்கிறது என்று அவர் சொல்லும் 'ஆம்' மனைவியின் கைக்கு அது எப்போதாவது போகிறதா என்பதை மறைத்துவிடும். அதனால்தான் நல்ல ஆய்வுகள் முதலில் வீட்டிலுள்ளோர் பட்டியலை எழுதி, அதிலிருந்து ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்து, அவரிடமே கேட்கின்றன. புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் இதற்கென்றே ஓர் அட்டவணை வகுத்துக் கொடுத்தார். தேர்வானவர் வயலில் இருந்தால் மாலையில் மறுபடி வர வேண்டும். செலவு ஏறுவது இங்கேதான்.

கொரோனா காலத்தில் நேரில் போக வழியில்லை. உலக வங்கி பல நாடுகளில் தொலைபேசி வழியாக மாதாமாதம் கேட்கத் தொடங்கியது. அவசர காலத்தில் அது பெரிய உதவி, மறுக்க முடியாது. ஆனால் எத்தியோப்பியா, மலாவி, நைஜீரியா, உகாண்டா ஆகிய நான்கு நாடுகளின் தரவை ஆராய்ந்த புரூபேக்கர், கிலிச், வோல்பர்க் ஆகியோர் 2021இல் காட்டியபடி, போனை எடுத்துப் பேசியவர்களில் குடும்பத் தலைவர்களும் அவர்களுடைய துணைவர்களும் அளவுக்கு மீறி இருந்தார்கள். போன் இல்லாதவர் மாதிரிக்குள் வரவே முடியாது. விலைவாசியைப் பற்றிக் கேட்க இந்த முறை ஓரளவு தாங்கும். இணைய வசதியைப் பற்றிக் கேட்டால், யார் விடுபட்டார்களோ அவர்களே நாம் தேடிப் போனவர்கள்.

நேரில் போய், சரியான ஆளைப் பிடித்து, தனியாக உட்கார்ந்து கேட்டாலும் இன்னொரு தடை. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட லர்ன்ஏஷியா ஆய்வு நிறுவனத்தினர் 2012 வாக்கில் இந்தோனேசியாவில் இதை எதிர்கொண்டார்கள். இணையம் பயன்படுத்துவதில்லை என்று சொன்னவர்கள் சற்று நேரத்தில் ஃபேஸ்புக்கில் எவ்வளவு நேரம் செலவிடுகிறோம் என்று ஆர்வமாகப் பேசினார்கள். குவார்ட்ஸ் இதழ் 2015இல் இதைப் பின்தொடர்ந்து இந்தோனேசியாவிலும் நைஜீரியாவிலும் கேட்டுப் பார்த்தது. ஃபேஸ்புக் பயன்படுத்துவதாகச் சொன்ன இந்தோனேசியர்களில் 11 சதவீதத்தினரும் நைஜீரியர்களில் 9 சதவீதத்தினரும் தாங்கள் இணையம் பயன்படுத்துவதில்லை என்றார்கள். இதை அறியாமை என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. கடையில் 'ஃபேஸ்புக் பேக்' என்று விற்றதை வாங்கியவர் வேறு எப்படிச் சொல்வார்? கேள்வித்தாள்தான் திருந்த வேண்டும். 'இணையம்' என்று கேட்டு நிறுத்தாமல் வாட்ஸ்அப் உண்டா, யூடியூப் பார்ப்பீர்களா, போனில் பணம் அனுப்புகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியிலும் கவனம் தேவை. சாதாரண பட்டன் போனில் குறியீட்டு எண்களை அழுத்திப் பணம் அனுப்ப இணையம் வேண்டியதில்லை; கிழக்கு ஆப்பிரிக்காவில் பல கோடிப் பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

கேப் டவுனைச் சேர்ந்த ரிசர்ச் ஐசிடி ஆப்பிரிக்காவும் லர்ன்ஏஷியாவும் தென்னமெரிக்கக் கூட்டாளிகளும் 2017, 2018இல் ஏறத்தாழ ஒரே கேள்வித்தாளை வைத்து நடத்திய 'ஆஃப்டர் ஆக்சஸ்' ஆய்வுகளை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், இவ்வளவு இடர்களையும் முன்கூட்டி யோசித்து இறங்கியதுதான். அதில் ருவாண்டாவின் முடிவு பலருக்கு அதிர்ச்சி. தென்கொரியாவின் கேடி நிறுவனத்தோடு கூட்டு வைத்து, நாட்டின் பெரும்பகுதிக்கும் 4ஜி அலைவரிசையைக் கொண்டுசேர்த்த அரசு அது. மாநாடுகளில் முன்மாதிரி என்று மேற்கோள் காட்டப்படும் நாடு. ஆய்வில் இணையம் பயன்படுத்துவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை, 9 சதவீதம். கோபுரம் எட்டியது, ஸ்மார்ட்போன் விலை எட்டவில்லை. பிறகு 2022இல், கட்டுப்படியாகும் இணையத்துக்கான கூட்டணி என்ற அமைப்பு ஒன்பது நாடுகளை எடுத்துக்கொண்டு, 4ஜி வேகம், சொந்த ஸ்மார்ட்போன், தினசரிப் பயன்பாடு, வீட்டிலோ வேலையிடத்திலோ தடையற்ற இணைப்பு ஆகிய நான்கும் ஒருசேர அமைந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தது. ருவாண்டாவில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

இந்தியாவிலும் அதே காலத்தில் மூன்று எண்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் கணக்குப்படி 2017 முடிவில் இணையச் சந்தாக்கள் 44 கோடிக்கு மேல். லர்ன்ஏஷியாவின் ஆய்வில் 15 முதல் 65 வயது வரையிலானவர்களில் இணையம் பயன்படுத்தியோர் 19 சதவீதம். அப்படியே பெருக்கினால் இருபது கோடியைத் தொடாது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றில், 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை, இணைய வசதியுள்ள குடும்பங்கள் 23.8 சதவீதம், கிராமங்களில் 14.9. பிறகு 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, வாழ்நாளில் எப்போதாவது இணையம் பயன்படுத்தியதுண்டா என்று கேட்டது: ஆண்களில் 57, பெண்களில் 33 சதவீதம். 2025 தொடக்கத்தில் நடந்த தொலைத்தொடர்பு மாதிரி ஆய்வோ இணையம் உள்ள குடும்பங்கள் 86.3 சதவீதம் என்கிறது. 2016இல் ஜியோ கைபேசி நிறுவனம் வந்த பிறகு டேட்டா விலை சரிந்ததும், பெருந்தொகையானோர் உள்ளே வந்ததும் உண்மை. ஆனால் 23.8இலிருந்து 86.3க்கு ஒரே கோட்டை இழுத்து வளர்ச்சி என்று காட்டுபவரிடம், அந்த 86 சதவீத வீடுகளில் எத்தனை பெண்களின் கையில் போன் இருக்கிறது என்று கேட்க வேண்டும். வீட்டு எண் அதற்குப் பதில் சொல்லாது.

'எப்போதாவது', 'கடந்த பன்னிரண்டு மாதத்தில்', 'கடந்த மூன்று மாதத்தில்' என்று ஆய்வுக்கு ஆய்வு மாறும் கால அளவும் சிறிய விஷயமல்ல. தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கையேடு பழைய பன்னிரண்டு மாதத்தைக் கைவிட்டு மூன்று மாதத்துக்கு மாறியது. டிஎச்எஸ் என்று அறியப்படும் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகள் 2015 முதல் ஆண், பெண் இருபாலரிடமும் தனித்தனியே பன்னிரண்டு மாதக் கேள்வியைக் கேட்டு, கடைசி ஒரு மாதத்தில் எத்தனை தடவை என்றும் கேட்டன. ஒருநாள் டேட்டா பேக் வாங்கி வாழ்பவருக்கு மாதம் என்பதே நீண்ட அளவு. உகாண்டா அரசு 2018 ஜூலை 1 முதல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவற்றைப் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி போட்டது. மூன்றே மாதத்தில் இணையச் சந்தாக்கள் 25 லட்சம் அளவுக்குக் குறைந்ததை அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் கணக்கு காட்டிக்கொடுத்தது. அந்த வரி 2021இல் நீங்கி, டேட்டா மீது 12 சதவீத வரி வந்தது. நான் மேலே குறைசொன்ன அதே சிம் கணக்குதான் இங்கே வேலைசெய்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எந்தக் குடும்ப ஆய்வும் அந்த வீழ்ச்சியை அத்தனை விரைவில் பிடித்திருக்காது; வீட்டில் போன் அப்படியே இருந்தது, 'இணையம் இருக்கிறதா' என்றால் 'இருக்கிறது' என்றே சொல்லியிருப்பார்கள். சிம் கணக்கு ஆட்களை எண்ண உதவாது. விலை மாறும்போது நாடி பார்க்க உதவும்.

ஆய்வே நடக்காத இடங்களுக்குக் குறுக்குவழி தேடியவர்களும் உண்டு. ஃபேஸ்புக் தன் விளம்பரதாரர்களுக்கு, இந்த நாட்டில் இந்த வயதில் எத்தனை பெண் பயனர்கள், எத்தனை ஆண் பயனர்கள் என்ற மதிப்பீட்டை இலவசமாகக் காட்டுகிறது. ரிதி காஷ்யப், இங்மார் வெபர் ஆகியோர் அடங்கிய குழு அதை வைத்து, ஆய்வுத் தரவே இல்லாத நாடுகளிலும் இணையத்தில் ஆண்–பெண் இடைவெளியை ஊகிக்கலாம் என்று 2018இல் காட்டியது. கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் அந்த ஊகத்தைச் சரிபார்க்க, எங்கோ சில நாடுகளில் யாரோ வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்க வேண்டும். அடித்தளம் பழையதானால் மேலே கட்டியதும் பழையதே.

இவ்வளவு தள்ளாட்டத்துக்கு நடுவிலும் வீட்டு எண்ணைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். சில கேள்விகளுக்கு வீடுதான் சரியான அலகு. பள்ளிகள் மூடப்பட்ட 2020இல் யுனிசெஃபும் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 85 நாடுகளின் குடும்ப ஆய்வுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தன. 3 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் மூன்றில் இரு பங்கினர், அதாவது 130 கோடிப் பேர், வீட்டில் இணையம் இல்லாதவர்கள். குறைந்த வருமான நாடுகளில் இருபதில் ஒரு பிள்ளைக்குக்கூட இல்லை. இணையவழி வகுப்பை நம்பிய கல்வி அமைச்சகங்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலைத் தனிநபர் எண் எதுவும் தந்திருக்காது. பிள்ளைக்குத் தனியாகப் போன் இல்லை. வீட்டில் இருப்பதே அதற்கு வாய்க்கும்.

ஒன்றியம் ஆண்டுதோறும் வெளியிடும் உலக எண்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஓர் எண் இருக்கும். அவற்றில் பல, ஆய்வு நடக்காத ஆண்டுகளுக்கான மதிப்பீடுகள். அட்டவணையில் அச்சாகும்போது நேற்று எண்ணியதும் எட்டாண்டுப் பழைய ஆய்விலிருந்து நீட்டி ஊகித்ததும் ஒரே எழுத்தளவில் நிற்கின்றன. 2024 அறிக்கை உலகில் இணையத்துக்கு வெளியே 260 கோடிப் பேர் என்றது. அடுத்த ஆண்டு அறிக்கையில், அதே 2024க்கான எண் 230 கோடி என்று திருத்தப்பட்டது. முப்பது கோடிப் பேர் ஒரு திருத்தத்தில் இணையத்துக்குள் வந்துவிட்டார்கள். குறைந்த வருமான நாடுகளில் இணையம் பயன்படுத்துவோர் 2024 அறிக்கையில் 27 சதவீதம், 2025இல் 23. யாரும் போனைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. மதிப்பீடுகள் திருத்தப்படுகின்றன, குறைந்த வருமானப் பட்டியலில் இருக்கும் நாடுகளும் மாறுகின்றன. திருத்தியதை வெளிப்படையாகச் சொன்னதற்காக ஒன்றியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் கொள்கை வகுப்போர் அந்த ஓராண்டில் எந்த எண்ணை வைத்துப் பேசினார்கள் என்பது பதிவில் இருக்கிறது.

எண்ணும் வேலையே சுருங்கிவருவது இதைவிடக் கவலை. 1984இல் தொடங்கி 90க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்த டிஎச்எஸ் ஆய்வுகளுக்கு முதன்மை நிதியை அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் தந்தது. 2025 பிப்ரவரியில் அந்த நிதி நிறுத்தப்பட்டது. பிறகு வேறு நிதியில் சில பணிகள் மீண்டன. பிள்ளைப்பேறு, சிசு மரணம், ஊட்டச்சத்து ஆகியவற்றுக்காகத்தான் உலகம் அந்த ஆய்வை அறியும். பல ஏழை நாடுகளில் பெண்களிடம் நேரில், தனியாக, இணையம் பயன்படுத்துகிறாயா என்று கேட்டதும் அதே ஆய்வுதான்.

அடுத்த சுற்றுக்குக் கேள்வித்தாள் எழுதும் ஒரு புள்ளிவிவர அலுவலகத்துக்கு என்னால் சொல்ல முடிந்தது மிகக் குறைவு. வீட்டுக் கேள்வி இருக்கட்டும். கூடவே, வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கலில் வந்த ஒருவரிடம், மற்றவர்கள் காதுக்கு எட்டாத இடத்தில், நான்கு கேள்விகள்: நேற்று வாட்ஸ்அப், ஃபேஸ்புக், யூடியூப் இவற்றில் எதையாவது பார்த்தீர்களா, பார்த்த போன் யாருடையது, கடந்த ஏழு நாளில் டேட்டா தீர்ந்துபோன நாள் எத்தனை, அந்த போனை நீங்கள் கேட்காமலே எடுக்கலாமா? பெண்ணிடம் கேட்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். தேர்வானவர் வீட்டில் இல்லையென்றால் இருப்பவரிடம் கேட்டு முடித்துவிடக் கூடாது. மறுநாள் மீண்டும் போவதற்கான பெட்ரோலுக்கும் தினப்படிக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.